ஆறு நிமிட நடை

டாக்டர் வந்தபோது துப்பறிவாளர் தனியாகச் சதுரங்கம் ஆடித் தோற்றுக்கொண்டிருந்தார். கேஸ் இல்லாத மாதங்களில் அவரிடம் பேச்சுக் கொடுப்பவன் உதவியாளன் ஒருவன்தான். அவனுக்கு 'அவசரம்' என்று பெயர் வைத்தவர்கள் நிதானமாக யோசித்தே வைத்திருந்தார்கள்.

"நுரையீரல் நோய்க்கு ஒரு மருந்தைச் சோதிக்கிறோம்," என்றார் டாக்டர். "பல வருஷ உழைப்பு. நோயாளி ஆறு நிமிஷத்துல எவ்வளவு தூரம் நடக்கிறார்னு அளப்போம். மத்த ஆஸ்பத்திரிகள்ல தூரம் கூடுது. எங்ககிட்ட மட்டும் மாசாமாசம் குறையுது, எல்லாருக்கும் ஒரே மாதிரி. நாளைக்குக் கமிட்டி கூடுது. ஆபத்துன்னு மருந்தையே நிறுத்திடுவாங்க."

"மாத்திரையை யாரோ மாத்திட்டாங்க," என்று அவசரம் எழுந்தான்.

"ரத்தத்துல மருந்து சரியா இருக்கு."

அவன் உட்கார்ந்தான்.

டாக்டரின் ஆஸ்பத்திரியில் ஆராய்ச்சிப் பிரிவு மூன்றாம் மாடியில். லிஃப்ட்டுக்கு வர மனமில்லாததால் படியேறினார்கள். ஓய்வுபெற்ற டிரைவர் ஒருவர், "வழி விடுங்க தம்பி," என்று அவசரத்தைத் தாண்டிப் போனார். அவசரம் மூச்சிரைக்க மேலே சேர்ந்தபோது அவர் தலை வாரிக்கொண்டிருந்தார். அன்றைய நோயாளி அவர்தான்.

நீண்ட, வெறிச்சோடிய தாழ்வாரம். நர்ஸ் ஸ்டாப்வாட்ச்சை அழுத்திவிட்டு டிரைவரோடு சேர்ந்து நடந்தார். திரும்பும்போதெல்லாம் நர்ஸ் சுவரைத் தொட்டுக்கொண்டார். தன்னைவிட மூத்த நோயாளிகளுக்கும் அவர் 'அக்கா'.

"உங்க பூனை சாப்பிட்டுச்சா?" என்றார் நர்ஸ்.

"எங்க சாப்பிடுது அக்கா... என்னை மாதிரியே அதுக்கும் தனியாச் சாப்பிடப் பிடிக்கல."

ஆறு நிமிடம் முடிந்தது. போன மாதத்தைவிடக் குறைவு.

துப்பறிவாளர் டாக்டர், நர்ஸ், டிரைவர் மூவரையும் ஊசி மருந்து அறையில் உட்காரவைத்தார். அவசரம் யாரும் தப்பிவிடாதபடி கதவை மறைத்து நின்றான்.

"நோய் ஆளுக்கு ஒரு மாதிரிதான் முத்தும். எல்லாரும் அணிவகுப்பு மாதிரிச் சேர்ந்து குறையறாங்கன்னா, கோளாறு அவங்ககிட்ட இல்ல. எல்லாருக்கும் பொதுவான ஒண்ணுகிட்ட. சிஸ்டர், முழங்கால் ரொம்ப நாளா வலிக்குதா?"

நர்ஸ் தலை குனிந்தார். "சொன்னா வேற இடத்துக்கு மாத்திடுவாங்க சார்."

"ஒரு செருப்பு மட்டும் ஓரமாத் தேஞ்சிருக்கு. படியில பறந்த மனுஷன் உங்க பக்கத்துல ஊர்ந்தார். டாக்டர், நீங்க அளந்தது நுரையீரலை இல்ல. சிஸ்டரோட முழங்காலை."

"கூட நடக்கக் கூடாதுன்னு விதி இருக்கே சிஸ்டர்," என்றார் டாக்டர்.

"நாள்கணக்கா வாயே திறக்காம இருந்துட்டு வராங்க டாக்டர். இந்த ஆறு நிமிஷந்தான் பேச்சு."

டாக்டர் டிரைவரிடம் திரும்பினார். "நீங்களாவது முந்திப் போயிருக்கலாம்ல?"

"போய்? அந்த முனையில சுவருகிட்டயா பேசறது?"

ஓய்வுக்குப் பின் நர்ஸை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு டிரைவரைத் தனியே நடக்கவிட்டார்கள். தூரம் ஏறக்குறைய இரண்டு மடங்கு. டாக்டர் கமிட்டிக்குப் போன் போட்டார். எல்லா நோயாளிகளையும் மறுபடி நடக்கவைத்துப் பார்க்கும்வரை மருந்தை நிறுத்துவதில்லை என்றார்கள். டாக்டர் போனை வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அப்ப எனக்குக் குணமாயிட்டு வருதா?" என்றார் டிரைவர்.

"நல்லாவே," என்றார் டாக்டர். "இனிமே மாசாமாசம் அலைய வேண்டாம். ஆறு மாசத்துக்கு ஒரு தடவை வந்தாப் போதும்."

டிரைவர் நர்ஸைப் பார்த்தார். நர்ஸ் ஜன்னலைப் பார்த்தார். சற்று யோசித்துவிட்டு டிரைவர், படுமோசமான நடிப்புடன், ஒருமுறை இருமினார்.