அப்பா தைத்த தூரம்

என் கணக்கு மார்க்கைப் பார்த்து எங்கள் அப்பா இதுவரை திட்டியதே இல்லை. "ரெண்டு நம்பரும் அழகாத்தான் இருக்கு ரோஜா. இன்னும் கொஞ்சம் பெரிய நம்பரா இருந்திருக்கலாம்" என்று மட்டும் சொல்வார். இப்படிப்பட்ட ஆறாம் வகுப்புப் பெண்ணிடம் யாராவது விலை போடச் சொல்வார்களா? யாரும் சொல்லவில்லை. நானாகத்தான் போய்த் தலையைக் கொடுத்தேன்.

அப்பாவுக்குக் கூட்டேரிப்பட்டில் சாலையோரமாகத் தார்ப்பாய்க் கடை. அதற்குப் பின்னாலேயே வீடு. லாரி மேல் ஏறித் தார்ப்பாயை விரித்துக் கட்டுவார். கிழிந்திருந்தால் தைத்துக் கொடுப்பார். போன மழைக்காலத்தில் ஒரு லாரி மேலிருந்து வழுக்கி விழுந்தார். முழங்கால் போயிற்று. கையில் ஊன்றுகோல் வந்தது. அதன்பிறகு டீக்கடையைத் தாண்டி அவர் நடந்ததே இல்லை.

சும்மா உட்கார்ந்திருக்க அவரால் முடியவில்லை. தையல்கடைகளில் மிஞ்சும் துண்டுத் துணிகளை ஒன்றாகச் சேர்த்து, உள்ளே பழைய சேலையை வைத்து, கையாலேயே போர்வை தைக்க ஆரம்பித்தார். முதல் போர்வையை நானும் தம்பி அன்புவும் சண்டை போட்டுப் பிடுங்கிக்கொண்டோம். இரண்டாவதைத் திண்டிவனத்தில் கடை வைத்திருக்கும் புனிதா அக்கா பார்த்துவிட்டார்.

"அண்ணா, எனக்குப் பத்து வேணும். ஞாயித்துக்கெழம சாயந்தரம் வர்றேன். வெல சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா டேப்பை எடுத்து, கொடியில் காய்ந்துகொண்டிருந்த அந்தப் போர்வையின் நாலு ஓரத்தையும் அளந்தார்.

"சுத்தளவு இருபத்தி நாலு அடி. அடிக்குப் பதினஞ்சு ரூபா. முந்நூத்தி அறுபது."

மல்லாட்டை உடைத்துக் கடலை உரித்துக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார். "அஞ்சு நாளா குனிஞ்சு தெச்சதுக்கு முந்நூத்தி அறுபதா? அத வெச்சு அரிசி வாங்குறதா, உன் கால் மாத்திரை வாங்குறதா?"

"தார்ப்பாய்க்கு அதான ரேட்டு? ஓரம் தெச்ச அடிக்குத்தான் காசு. கட்டுப்படி ஆவலன்னா அடுத்த மாசம் லாரி மேல ஏறிட்டுப் போறேன்."

"அந்தக் காலோடயா? ஏணிய ஒளிச்சு வெச்சிடுவேன், பாத்துக்க!"

அம்மா சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் மல்லாட்டை உரிக்கும் கை நின்றுவிட்டது.

கொடியில் காய்ந்த போர்வைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். யாருக்கும் தெரியாமல் அழ எங்கள் வீட்டில் அதைவிட வசதியான இடம் கிடையாது.

ஆனால் அழ முடியவில்லை. வெயில் போர்வையின் மேல் சாய்வாக விழுந்துகொண்டிருந்தது. அந்த வெளிச்சத்தில், இத்தனை நாளும் என் கண்ணில் படாத ஒன்று தெரிந்தது.

தையல்! எறும்பு அளவே இருக்கும் வெள்ளைத் தையல். தலைமாட்டிலிருந்து கால்மாடு வரை ஒரு வரிசை. அதற்கு அரை விரல் தள்ளி இன்னொரு வரிசை. அப்புறம் இன்னொன்று. சிவப்புத் துண்டு, பூப்போட்ட துண்டு, யாரோ ஒருவருடைய சட்டைத் துண்டு என எல்லாவற்றையும் தாண்டி, எறும்புக் கூட்டம் எங்கேயோ ஊர்வலம் போவதுபோல அவை போய்க்கொண்டே இருந்தன. எண்ண ஆரம்பித்தேன். பாதியில் எண்ணிக்கை தப்பிவிட்டது. என் கணக்கு உங்களுக்குத்தான் தெரியுமே.

"யப்பா! உள்ள ஓடுற தையலுக்கு இன்னா ரேட்டு?"

"அதுவா? சேல நகராம இருக்கப் போட்டது. தார்ப்பாய்ல உள்தையல் ஏது? அதுக்கெல்லாம் ரேட்டே கெடையாது."

ரேட்டே கிடையாதாம்! இவர் என்னைவிட மோசமாகக் கணக்குப் போடுகிறாரே என்று முதலில் கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருந்தது. அப்புறம்தான் ஒரு யோசனை வந்தது.

கடையிலிருந்து ஒரு சணல் நூல் உருண்டையைத் தூக்கிக்கொண்டேன். போர்வையைத் தரையில் விரித்து, தலைமாட்டில் நான் உட்கார்ந்தேன். கால்மாட்டில் அன்பு.

"ஒரு வரிசை நீளத்துக்கு நூல இழுத்துப் புடி. அடுத்த வரிசைக்கு எங்கிட்டத் திருப்பு. ஒரு வரிசைகூட உடக் கூடாது."

"எனக்கு இன்னா குடுப்ப?"

"போண்டா."

"ரெண்டு."

பேரம் பேச எங்கள் அப்பாவுக்கு வராது. தம்பிக்கு நன்றாக வரும்.

இழுத்தோம், திருப்பினோம், மறுபடியும் இழுத்தோம். எங்கள் பக்கத்தில் நூல் குவியலாக ஏறிக்கொண்டே போனது. உருண்டை தீர்ந்துவிட்டது. இன்னொரு உருண்டையை முடிச்சுப் போட்டுத் தொடர்ந்தோம். கடைசி வரிசையில் நூலை வெட்டியபோது அன்பு போண்டாவையே மறந்துவிட்டு, "அக்கா... இம்மாம் நூலா?" என்று கேட்டான்.

சாயந்தரம் புனிதா அக்கா வந்தார். அப்பா வாயைத் திறந்து "முந்நூ..." என்று ஆரம்பிக்கும் முன் நான் குறுக்கே புகுந்தேன்.

"அக்கா, வெலைய அப்புறம் சொல்றோம். மொதல்ல இத்தப் பாருங்க!"

நூலின் ஒரு முனையைக் கடைக்கம்பத்தில் கட்டியிருந்தேன். மறுமுனையைப் பிடித்துக்கொண்டு அன்பு மயிலம் சாலையோரமாக நடக்க ஆரம்பித்தான். டீக்கடையைத் தாண்டினான். பஞ்சர் கடையைத் தாண்டினான். கொய்யா வண்டி, புளியமரம், அதற்கப்புறம் இன்னொரு புளியமரம். அவன் சட்டை ஒரு பொட்டுபோல ஆகிவிட்டது. நூல் இன்னும் போய்க்கொண்டிருந்தது.

டீக்கடையில் இருந்தவர்கள் கிளாசும் கையுமாக எழுந்து நின்றார்கள்.

"இன்னாம்மா இது? கரண்ட் லைனா?" என்றார் ஒருவர்.

"எங்கப்பா ஒரு போர்வைல போட்ட தையல்" என்றேன்.

புனிதா அக்கா போர்வையைப் பார்த்தார். சாலையைப் பார்த்தார். பிறகு மெதுவாக நூலோடு நடக்கத் தொடங்கினார்.

ஊன்றுகோல் சத்தம் கேட்டுத் திரும்பினேன். அப்பாவும் நடந்துகொண்டிருந்தார். டீக்கடையைத் தாண்டினார். பஞ்சர் கடையருகே நின்று மூச்சு வாங்கினார். "போதும்பா" என்றேன். தலையை ஆட்டிவிட்டு மறுபடி நடந்தார்.

அன்பு பேருந்து நிறுத்தத்தில் நின்றிருந்தான். அப்பா அவன் கையில் இருந்த நூல் முனையைத் தொட்டுப் பார்த்தார். திரும்பி, தூரத்தில் பொம்மை வீடு மாதிரித் தெரிந்த எங்கள் கடையைப் பார்த்தார்.

"உக்காந்த எடத்துலயே இம்மாந்தூரம் வந்துட்டேனா?" என்று மெல்லக் கேட்டார்.

அன்பு கையிலிருந்த நூல் முனையை வாங்கி அப்பாவின் விரலில் ஒரு சுற்றுச் சுற்றினேன்.

நிறுத்தத்துப் பெஞ்சில் எல்லோரும் உட்கார்ந்தோம். அன்பு எண்ணி வைத்திருந்த நூற்றுப் பதினேழு வரிசையை, வரிசைக்கு ஏழு அடி என்று அம்மாவின் போனில் பெருக்கினேன். "அக்கா, அடிக்குப் பதினஞ்சுன்னா பன்னெண்டாயிரத்துச் சொச்சம்!"

புனிதா அக்காவுக்குப் புரையேறிவிட்டது. "கண்ணு, அந்தக் காசுக்கு என் கடையவே வித்துடலாமே!"

அப்பாவும் சிரித்தார். "அது நாயம் இல்ல ரோஜா. யாரு வாங்குவா?"

முந்நூற்று அறுபதும் நியாயமில்லை, பன்னிரண்டாயிரமும் நியாயமில்லை. அப்படியென்றால்? கொஞ்சம் யோசித்தேன்.

"யப்பா, காலு நல்லா இருந்தப்ப ஒரு நாளைக்கு இன்னா வரும்?"

"எழுநூறு."

"இதுக்கு அஞ்சு நாள் ஆச்சே. உக்காந்து செஞ்சா அது நாள் இல்லியா?"

புனிதா அக்கா விரல் மடக்கினார். "மூவாயிரத்தி ஐந்நூறு. துணி, நூலு ஒரு முந்நூறு. எனக்கு பயமாத்தான் இருக்குண்ணா. பத்து வேணாம், மொதல்ல நாலு எடுத்துக்கறேன். ஒண்ணுக்கு மூவாயிரத்தி எண்ணூறு தர்றேன். ஆனா ஒண்ணு, இந்த நூலையும் குடுத்துடணும். போர்வை பக்கத்துலயே உருட்டித் தொங்க விடறேன். வெலையக் கேட்டு மொறைக்கிறவங்களுக்கு இது பதில் சொல்லட்டும்."

திரும்பிப் போக அப்பாவுக்கு ஆட்டோ பிடித்தோம். ஓட்டுநர் முப்பது ரூபாய் கேட்டார். அம்மா வந்திருந்தால் இருபதுக்கு இறக்கியிருப்பார். அப்பா முப்பதையும் கொடுத்துவிட்டு, "கரெக்டு வெலதான்" என்றார்.

அடுத்த வாரம் புனிதா அக்காவிடமிருந்து போன் வந்தது. "அண்ணா, ஒண்ணு வித்துப் போச்சு! வாங்குனவரு நூல் உருண்டையும் சேத்துக் குடுத்தாத்தான் ஆச்சுன்னு தூக்கிக்கினு போயிட்டாரு. ஜல்தியா இன்னொரு உருண்டை அனுப்புங்க!"

ஏணி இப்போது கோழிக்கூண்டுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. அப்பா தைக்கிறார். ஒவ்வொரு போர்வைக்கும் ஒரு நூல் உருண்டை என்று ஆகிவிட்டதால், ஞாயிறுதோறும் நானும் அன்புவும் உட்கார்ந்து இழுக்கிறோம், திருப்புகிறோம், இழுக்கிறோம்.

எங்கள் இரண்டு பேரின் கூலி இன்னும் போண்டாவிலேயே நிற்கிறது. அதற்கு நியாயமான விலை எது என்று அப்பாவிடம் பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கிறது.