காலிக் குழியில் ஒரு ‘டிங்’

இயந்திரம் வேலையை முடித்து, நீளமாக ஊளையிட்டு ஓய்ந்த பிறகு, பக்கத்து அறையிலிருந்து இன்னொரு ‘டிங்’ கேட்டது.

குழாய்களை எடுத்து வைத்துவிட்டு வந்து உட்கார்ந்திருந்த ஆய்வுக்கூடத் தலைவர் மேசைமேல் போட்ட காலை எடுக்கவில்லை. விடுமுறை நாளின் மதியம். கட்டடத்தில் ஈ காக்கை இல்லை. இயந்திரத்தின் ஊசி, தட்டின் குழிகளில் நிற்கும் ஒவ்வொரு குழாயிலும் இறங்கும், திரவம் தட்டுப்பட்டால் ‘டிங்’ போடும், எல்லாம் முடிந்தால் ஊளையிடும். அவர் செய்த ஏற்பாடு. தனக்குப் பாம்புச்செவி என்று அவருக்கு ஏகப்பட்ட பெருமை. அப்படியிருக்க, அதன் எதிரே முக்காலி போட்டு உட்கார்ந்து வெறித்துக்கொண்டிருக்க ஓர் உதவியாளப் பெண்! தண்டச் சம்பளம் என்று காலையில்தான் அவள் சீட்டைக் கிழித்திருந்தார்.

டிங்.

மூதேவி, போகிற போக்கில் எதையாவது செருகியிருப்பாள். போனில் அழைத்தார்.

“தட்டுல என்னத்த வச்சுட்டுப் போன?”

“ஒண்ணும் வைக்கல சார். குழாயெல்லாம் எடுத்துட்டீங்கதானே?” பிறகு குரல் இறங்கியது. “காலிக் குழியில குத்துதா? வெளிய ஓடிடுங்க சார். ஆள் எதிர்ல இருந்தா ஆரம்பிக்காது, ஆரம்பிச்சா நிக்காது. எத்தனை தடவ சொன்னேன், சிரிச்சீங்க.”

“பேய்க்கதைய வீட்ல போய்ச் சொல்லு.”

போனை மேசையில் எறிந்துவிட்டு எழுந்தார். டிங். ஆள்காட்டி விரலில் சுருக்கென்றது.

உள்ளே, எப்போதும் இருக்கும் ஸ்பிரிட் நெடிக்கு அடியில் பழைய இரும்பின் வாடை கசிந்துகொண்டிருந்தது. கதவு அவர் பின்னால் மெதுவாகச் சாத்திக்கொண்டது. தட்டில் குழாயே இல்லை. ஊசி வெறும் குழியில் இறங்கியது. டிங். கழிவுப் புட்டியில் சிவப்பு ஒரு விரல்கடை ஏறியது. அவருடைய நடுவிரல் வெளுத்து, பிழிந்த துணியாகச் சுருங்கியது.

நிறுத்தும் பொத்தானை அழுத்தினார். நிற்கவில்லை. டிங். டிங்.

கதவுக்கு ஓடினார். கைப்பிடி வழுக்கியது. விரல்கள் இருந்தன. பிடிக்கவில்லை. பயம், வெட்கங்கெட்ட பயம். “அம்மாடி, வந்துடும்மா!” என்று அந்த மூதேவியைத்தான் கூப்பிட்டார்.

கதவுக் கண்ணாடியில், பின்னால் இருந்த இயந்திரம் தெரிந்தது. ஒவ்வொரு டிங்குக்கும் மின்னும் பச்சை விளக்கு மின்னியது.

சத்தம் வரவில்லை. தன் அலறலும் கேட்கவில்லை.

விளக்கு மறுபடி மின்னியது. கண்ணாடியின் இடது பாதி இருண்டது. மிச்சப் பாதியில், ஊசி அடுத்த குழிக்கு நகர்ந்தது.