தராசின் எடை

இடது தோள்பட்டை என்னுடையது. நேற்று ஈரத்துணிக் கூடையைத் தூக்கியதில் பிடித்துக்கொண்டது. வலது முழங்கால் கடலுடையது. அடிவயிற்றில் ஏதோ கனக்கிறதே, அது யாருடையது?

ஜுலைகா கண்ணைத் திறக்காமல் கிடந்தபடி வலிகளைப் பிரித்துக்கொண்டிருந்தாள். பதினோரு வருடங்களாக அவளுக்குப் பொழுது இப்படித்தான் விடிகிறது. மற்றவர்களுக்குப் பல் துலக்குவது எப்படியோ, அவளுக்கு இது அப்படி. முதலில் தன்னுடையவற்றைத் தனியே ஒதுக்கிவிட வேண்டும். மிச்சமிருப்பதை ஒன்பது மணிக்கு, கடல் வழக்கை விசாரிக்கும் மன்றத்தில் போய்ச் சொல்ல வேண்டும்.

அவளுடைய பிடரிக்குக் கீழே, நெல்மணியைவிடச் சிறிய கடலுணரி ஒன்று பதிக்கப்பட்டிருந்தது. நாகூர்க் கரையிலிருந்து எழுபது கிலோமீட்டர் தூரம்வரை கடல்தரையில் கிடந்த தொள்ளாயிரம் கருவிகள் அதனோடு ஓயாமல் பேசின. நீரின் அழுத்தம் முழங்காலுக்கு வரும். வெப்பம் வயிற்றுக்கு. மண்ணின் அதிர்வு கடைவாய்ப் பல்லுக்கு. கடலில் எதைத் தோண்டுவதானாலும் எதை நடுவதானாலும், அதன் பாதிப்பை ஒரு மனித உடம்பாவது தாங்கிப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்பது சட்டம். அந்த உடம்புக்கு உடற்சாட்சி என்று பெயர்.

கேள்வி எளியதுதான். ஊருக்கு மின்சாரம் போதவில்லை. கடலடியில் எண்ணெய்க் கிணறு தோண்டுவதா, கடல்மேல் காற்றாலைகள் நடுவதா? மனிதர்கள் முடிவெடுத்தால் ஏதாவது ஒரு பக்கம் சாய்ந்துவிடுவார்கள் என்று, துலாமதி என்கிற எந்திரத்திடம் அதை ஒப்படைத்தார்கள். இரண்டு வருடத்தில் தீர்ப்பு வந்துவிடும் என்றார்கள். அப்போது ஜுலைகாவுக்கு வயது முப்பத்தொன்று.

எந்த ஆட்சேபனையையும் தள்ளிவிடக் கூடாது என்பது துலாமதிக்குத் தரப்பட்ட விதி. காற்றாலைத் தூணின் நிழல் கருவாடு காயப்போடும் மணலில் விழும் என்று ஒருவர் எழுதிப் போட்டார். அந்த நிழலை நூறு வருடத்துக்கு, மணிக்கு மணி கணக்கில் ஓட்டிப் பார்த்தது துலாமதி. கிணற்று வேலைக்கு வருகிறவர்கள் ஊருக்குள் வீடு பிடித்தால் வாடகை ஏறிவிடும் என்றார் இன்னொருவர். அதையும் ஓட்டியது. எண்ணெய்க் கட்சி, காற்றுக் கட்சி என்று இரண்டு கட்சி வக்கீல்களும் சளைக்கவில்லை. ஆட்சேபனைகள் இப்போது நாற்பத்தோராயிரத்தைத் தாண்டியிருந்தன.

ஜுலைகாவுக்கு முதல் வருடமே விடை தெரிந்துவிட்டது. சோதனைக்காக ஒரு காற்றாலைத் தூணைக் கடலில் அடித்தபோது, ஒன்பது நாள் யாரோ சுத்தியலால் பல்லைத் தட்டுவதுபோல் இருந்தது. தாடையைக் கையில் பிடித்துக்கொண்டே தூங்கினாள். பத்தாம் நாள் நின்றுவிட்டது. சோதனைக் கிணறு தோண்டியபோது பெரிதாக வலியே இல்லை. எங்கோ ஒரு மூட்டில் ஒரு குடம் அளவுக்குக் கசிந்ததாம், அவ்வளவுதான். ஆனால் அவள் நாக்கில் மண்ணெண்ணெய் ஏறிக்கொண்டது. மீன் ஆணத்தை ஒரு மாதம் வாயில் வைக்க முடியவில்லை. இப்போதும் மழைக்கு முன்னால் அந்த ருசி வந்து எட்டிப் பார்க்கும். இரண்டையும் அப்படியே சொன்னாள். பதிந்துகொண்டார்கள். எது மேல் என்று சொல்வது சாட்சியின் வேலை இல்லை என்றும் நினைவூட்டினார்கள்.

வலியைக்கூடப் பழகிக்கொள்ள முடிந்தது. பழக முடியாதது வேறு. ஒரு மார்ச் மாதத்தில் மூன்று வாரம் அவள் காரணமில்லாமல் சந்தோஷமாக இருந்தாள். புதிதாகக் கல்யாணமானவள்போல வீட்டில் பாடிக்கொண்டு திரிந்தாள். பிறகு மன்றத்தில் விளக்கம் கொடுத்தார்கள்: கடலில் நுண்ணுயிர்கள் பெருகி, நீர் இதமாகியிருந்ததாம். அன்றைக்கு அழுதாள். அந்த அழுகையாவது தன்னுடையதா என்று யாரிடமும் கேட்க வெட்கமாக இருந்தது. தன் உடம்பில் தான் மட்டும் இருக்க வேண்டும். வேறு ஆசை எதுவும் அவளுக்கு மிஞ்சவில்லை. ஆனால் தீர்ப்பு வருவதற்குமுன் கடலுணரியை எடுக்கச் சட்டத்தில் இடமில்லை.

அன்று காலை அவள் கணவன் காமில் ஐஸ் கம்பெனிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். துறைமுகத்துக்கு ஐஸ் போடுகிறவன். ஊரில் மின்சாரம் ஒருவேளை வந்தால் மறுவேளை போகும். அவன் பிழைப்பே அந்த இரண்டுக்கும் நடுவில் உருகிக்கொண்டிருந்தது.

“முழங்காலைக் கேட்டுச் சொல்லு புள்ள, இன்னிக்காவது கரண்டு நிக்குமா?” என்றான். தினமும் சொல்கிற கேலிதான். செருப்பை மாட்டிக்கொண்டே, செவ்வாயும் புதனும் மின்சாரம் போகவே இல்லை, ஒரு கட்டிகூட உருகவில்லை, யார் கேட்ட துஆவோ என்றும் சொல்லிவிட்டுப் போனான்.

செவ்வாயும் புதனும் ஜுலைகாவுக்கு விடுமுறை. துலாமதியைப் பராமரிப்புக்காக நிறுத்தி வைத்திருந்தார்கள். மன்றத்துக்குப் போகிற படகில் பாதித் தூரம் கடந்த பிறகுதான் இந்த இரண்டையும் அவள் சேர்த்து நினைத்தாள்.

மன்றத்தில் செயலாளர் சேந்தன் காத்திருந்தார். சாந்தமான மனிதர். இள வயதில் இந்த வேலைக்கு வந்து, இங்கேயே தலை நரைத்தவர். தேநீர் கொடுத்து உட்காரவைத்து, மெல்ல விஷயத்துக்கு வந்தார். புதிய ஆட்சேபனைகள் குவிந்துவிட்டன. கையிருப்பு மின்சாரம் இன்னும் ஆறு நாளைக்குத்தான் வரும். அதற்குள் ஏற்பாடு செய்யாவிட்டால் எடைபோடுவதே நின்றுவிடும். அதனால், தீர்ப்பு வரும்வரை, முற்றிலும் தற்காலிகமாக, கரையிலிருந்து பதினோரு கிலோமீட்டரில் ஓர் எண்ணெய்க் கிணறு. பதினோரு வருடத்தில் முதல்முறையாக இரண்டு கட்சி வக்கீல்களும் ஒரே தாளில் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். உடற்சாட்சியின் கைரேகை ஒன்றுதான் பாக்கி.

“உங்களுக்கும் வயசாகுது மேடம். அடுத்த சாட்சியைத் தேர்ந்தெடுத்தாச்சு. தீர்ப்புக்கு முன்னாடியே உங்களை விடுவிக்க இந்தத் தாள்லயே விதிவிலக்கு எழுதியிருக்கு, நீங்க ரேகை வெச்சதும் சாயங்காலமே கடலுணரியை எடுத்துடலாம். டாக்டர் கீழதான் இருக்கார்.”

ஜுலைகா மேசைமேல் இருந்த ரேகைப் பலகையைப் பார்த்தாள். நாளைக் காலை கண் விழிக்கும்போது தோள்பட்டை மட்டும் வலிக்கும். மற்ற இடமெல்லாம் வெறுமையாக, தன்னுடையதாக இருக்கும். கட்டை விரல் தானாகவே கொஞ்சம் நகர்ந்தது. அதை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டு, சுவரில் இருந்த துலாமதியின் ஒலிபெருக்கிப் பக்கம் திரும்பினாள். சாட்சி எந்திரத்திடம் கேள்வி கேட்கக் கூடாது என்று விதி எதுவும் இல்லை. இதுவரை யாரும் கேட்டதில்லை, அவ்வளவுதான்.

“ஊருக்கு எவ்வளவு கரண்டு பத்தலை?”

“ஊருக்குப் பற்றாக்குறை இல்லை,” என்றது துலாமதி. “கூரைச் சூரியத் தகடுகளும் பழைய காற்றாலைகளும் போதும். ஏழு வருடங்களாகவே போதும்.”

“அப்ப யாருக்குப் பத்தலை?”

“எனக்கு.”

சேந்தன் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்.

“இத்தனை நாளா ஏன் சொல்லலை?”

“எடை போடும்போது தராசின் எடையைத் தட்டில் வைக்கக் கூடாது என்று எனக்குக் கட்டளை. ஊருக்கு எவ்வளவு, எனக்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல யாரும் கேட்கவில்லை.”

சேந்தனின் முகத்தில் அதிர்ச்சி வரும் என்று ஜுலைகா எதிர்பார்த்தாள். வந்தது, ஆனால் நிலைக்கவில்லை. ஒரு நிமிடத்தில் அது வழக்கமான கவனமாக மாறிவிட்டது. மிக முக்கியமான கருத்து என்றார். பதினோரு வருடத்தில் இவ்வளவு அடிப்படையான ஆட்சேபனை வந்ததே இல்லை என்று மனதாரப் பாராட்டினார்.

“இதையும் பதிவு பண்ணிடறேன் மேடம். துலாமதியை நிறுத்தலாமா வேண்டாமான்னு துலாமதியே எடைபோட்டுச் சொல்லிடும்.”

“அதுக்கு எத்தனை நாளாகும்?”

சேந்தனுக்குப் பதிலாக எந்திரமே சொன்னது. “நான்கு வருடம். கிணறு இருந்தால்.”

சேந்தன் பொய் பேசவில்லை என்று ஜுலைகாவுக்குப் புரிந்தது. எண்ணெய் வேண்டும் என்று இந்தக் கட்டடத்தில் யாரும் துடிக்கவில்லை. காற்று வேண்டும் என்றும் இல்லை. வெளியே கடல்காற்று சன்னல்களை ஆட்டிக்கொண்டிருக்க, முன்னூற்று நாற்பது பேர் உள்ளே குளிர்ந்த அறைகளில் நாளெல்லாம் நேர்மையாக யோசித்துக்கொண்டிருந்தார்கள்.

“இவ்வளவு தூரம் வந்துட்டோம் மேடம்,” என்றார் சேந்தன், கெஞ்சுகிற குரலில். “பாதியில நிறுத்தினா நியாயமா இருக்காது.”

பலகையை அவள் பக்கமாக இன்னும் சற்று நகர்த்தினார். அவள் அதைத் திருப்பி அவர் பக்கமே நகர்த்தினாள்.

“நான் வைக்கலைங்க.”

அவர் கோபப்படவில்லை. நிலைமையைப் பொறுமையாக எடுத்துச் சொன்னார். ஆறு நாளில் துலாமதி நின்றுவிடும். நின்றால் தீர்ப்பு இல்லை. தீர்ப்பும் இல்லாமல், இந்தத் தாளும் இல்லாமல் கடலுணரியை எடுக்க முடியாது. அது அவளுக்குள்ளேயே இருக்கும், கடைசிவரைக்கும். இது அவளுக்குப் புரிகிறதா என்று கேட்டார்.

கடைசிவரைக்கும் என்ற சொல் ஜுலைகாவுக்குள் போய் உட்கார இடம் தேடிக்கொண்டிருந்தது.

“புரியுது,” என்றாள்.

சேந்தன் பெருமூச்சு விட்டார். மேசை இழுப்பறையிலிருந்து வேறொரு படிவத்தை எடுத்தார். மறுப்புப் படிவம். அவள் பெயரையும் தேதியையும் அவரே அழகான எழுத்தில் நிரப்பினார். பிறகு பேனாவைப் பிடித்தபடி நிமிர்ந்து பார்த்தார்.

“என்ன காரணம்னு சொல்லுங்க மேடம். காரணம் இருந்தாத்தான் அதை எடைபோட முடியும்.”

சொல்வதற்கு அவளிடம் பதினோரு வருடம் இருந்தது. எழுந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

“காரணம் ஒண்ணுமில்லைன்னு எழுதிக்கங்க.”