ரத்தக் காய்ச்சல் வார்டில் மாறிப்போன பாட்டில்

டாக்டரம்மா வாசலில் வந்து நின்றபோது ஏட்டையா தன் செருப்பைத் தானே தைத்துக்கொண்டிருந்தார். கடையில் கொடுத்தால் நல்ல வாரை உருவிக்கொண்டு மட்டமானதை வைத்துத் தைத்துவிடுவார்கள் என்பது அவர் எண்ணம். போலீஸில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். படிப்பு கொஞ்சம், சந்தேகம் நிறைய. யாரையும் நம்பாததால்தான் பிழைத்தேன் என்று சொல்லிக்கொள்வார். அதனால்தான் வீட்டுப் பக்கம் ஒரு ஆள் எட்டிப் பார்ப்பதில்லை என்று அவர் மகள் சொல்வாள்.

"கிட்ட வராதீங்க. அங்கேயே நின்னு சொல்லுங்க" என்றார்.

டாக்டரம்மா ரத்தக் காய்ச்சல் ஆஸ்பத்திரியில் இருப்பது ஊருக்கே தெரியும். அந்தக் காய்ச்சல் வந்தால் ஈறிலும் மூக்கிலும் ரத்தம் கசியும். உள்ளே போனவர்களில் நடந்து வெளியே வந்தவர்கள் குறைவு.

"தலையிலேருந்து கால் வரைக்கும் மூடிக்கிட்டுத்தான் வார்டுக்குள்ள போறேன். எங்கிட்டேருந்து ஒட்டாது, ஏட்டையா."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க."

அதற்குள் மாப்பிள்ளை நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்துவிட்டான். மகளைக் கட்டியவன். வேலை போனபின் மாமனார் வீட்டோடு இருக்கிறான். துப்புத் துலக்குவது என்றால் அவனுக்குப் பசி மறந்துவிடும்.

டாக்டரம்மா உட்கார்ந்து சொல்லத் தொடங்கினாள்.

"புது மருந்து ஒண்ணு வந்திருக்கு. குரங்குக்குப் போட்டுப் பார்த்தாங்க, பிழைச்சுது. மனுஷனுக்குக் கேக்குமான்னு எங்க வார்டுல சோதனை நடக்குது. பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் பொடி. யாருக்கு எதுன்னு எனக்கும் தெரியாது, நர்ஸுங்களுக்கும் தெரியாது. பாட்டிலுக்கு மேல கறுப்புக் காகித உறை இருக்கும், உறைமேல ஒரு நம்பர், அவ்வளவுதான். எந்த நம்பர் எதுன்னு தலைமை அலுவலகத்துல பூட்டி வெச்சிருக்காங்க."

"சாகக் கிடக்கறவனுக்கு வெறும் பொடியா?"

"அப்படிச் செஞ்சாத்தான் பிழைச்சவன் மருந்தால பிழைச்சானா, தானாப் பிழைச்சானான்னு தெரியும்."

ஏட்டையாவுக்கு இது பிடிக்கவில்லை. நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "சரி, என்ன தப்பு நடந்துது?"

"ஆம்புலன்ஸ் டிரைவரும் ஒரு தையற்கார அம்மாவும் ஒரே நாள்ல வந்தாங்க. ரெண்டு பேரும் செத்துப்போயிட்டாங்க. அவங்க ரத்தத்தைத் தலைமை அலுவலகத்துல பார்த்திருக்காங்க. வெறும் பொடி போயிருக்க வேண்டிய டிரைவர் ரத்தத்துல மருந்து இருக்கு. மருந்து போயிருக்க வேண்டிய அந்த அம்மா ரத்தத்துல இல்லை. யாரோ உறையை மாத்தி மாட்டியிருக்காங்க."

"கை தவறி மாறியிருக்குமோ?" என்றான் மாப்பிள்ளை.

"ஒருத்தர் நம்பரை வாய்விட்டுப் படிக்க, இன்னொருத்தர் சரிபார்த்த பிறகுதான் மருந்தறையிலேருந்து வெளியே போகும்." அவள் நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். "இன்னிக்குச் சாயங்காலம் சோதனையைக் கண்காணிக்கற குழுவுலேருந்து ஃபோன் வரும். யாரு, எப்படி, எத்தனை பேருக்குன்னு நான் சொல்லணும். சொல்லலைன்னா சோதனையை மூடிடுவாங்க. மூடினா இந்த மருந்தை யாரும் திரும்பத் தொட மாட்டாங்க. அடுத்த தடவை காய்ச்சல் வரும்போதும் நாங்க கையைப் பிசைஞ்சுக்கிட்டுத்தான் நிப்போம்."

"போலீஸுக்குப் போக வேண்டியதுதானே?"

"ஏற்கனவே நாங்க மருந்துன்னு விஷம் ஏத்தறோம்னு வதந்தி. போலீஸ் வண்டி வந்து நின்னா வார்டைக் கொளுத்திடுவாங்க."

"உங்களுக்கு யார் மேல சந்தேகம்?"

"மருந்தறைக்காரர். டிரைவர் அவருக்கு மச்சான், தங்கச்சி புருஷன்."

"அந்தத் தங்கச்சி எங்க?"

டாக்டரம்மா தரையைப் பார்த்தாள். "காலையில அவளையும் கொண்டுவந்து படுக்க வெச்சிருக்கோம்."

ஏட்டையா செருப்பை மாட்டிக்கொண்டு எழுந்தார்.

ஆஸ்பத்திரி முழுக்கக் குளோரின் வாடை. மருந்தறையில் ஒரு குளிர்பெட்டி, அதற்கு இரண்டு பூட்டு. மருந்தறைக்காரர் இரண்டு நாள் தாடியோடு நின்றார். கேட்பதற்கு முன்னாலேயே பொரிந்து தள்ளினார்.

"நான்தான் மாத்தினேன்னு சொல்றாங்களா? எது மருந்துன்னு தெரிஞ்சிருந்தா மாத்தித்தான் இருப்பேன், ஏட்டையா! என் தங்கச்சி புருஷன் அவன். எது எதுன்னு தெரியலையே! எல்லாம் வெள்ளைப் பொடி, எல்லாம் ஒரே சீல்."

"மாமா, வாயாலேயே ஒத்துக்கிட்டாரு" என்று மாப்பிள்ளை காதைக் கடித்தான்.

"நீ கொஞ்சம் வாயை மூடு."

டாக்டரம்மா ஒரு காலிப் பாட்டிலைக் காட்டினாள். "பொடியில ஊசித் தண்ணி விட்டுக் கலக்கணும். கலந்துட்டா ரெண்டும் ஒண்ணுதான். பச்சைத் தண்ணி மாதிரி தெளிவா இருக்கும். உறையைக் கழட்டினாக்கூடக் கண்டுபிடிக்க முடியாது. நான் தலைமை அலுவலகத்துல கலக்கிப் பார்த்துக் கத்துக்கிட்டு வந்தேன்."

"இவங்களுக்கு யாரு கத்துக் குடுத்தாங்க?"

"நான்தான். முதல் நாளே வார்டு நிரம்பிப்போச்சு. உட்கார வெச்சுச் சொல்ல எங்க நேரம்? கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்னு மைக்கில சொன்னேன்."

வார்டுக்கும் வெளி அறைக்கும் நடுவே பெரிய கண்ணாடி. இரண்டு பக்கத்திலும் மைக். வார்டுக்கு இரண்டே நர்ஸ். முதலில் சின்ன சிஸ்டர் வந்து நின்றாள். முகக்கவசத்துக்குப் பின்னால் கண் மட்டும் தெரிந்தது.

"உறைக்குள்ள என்ன இருக்குன்னு நாங்க பார்க்கறதே இல்லை, ஐயா. கலக்குவோம், மாட்டுவோம். பார்க்க எங்க நேரம்?"

"டிரைவர் எப்படிப்பட்ட ஆளு?"

"தங்கமான அண்ணன். பெரிய சிஸ்டரை வம்புக்கு இழுக்காம அவருக்குப் பொழுது போகாது. அவங்களும் சளைக்க மாட்டாங்க. 'உன் வண்டி சத்தத்துல பொணமே எழுந்து ஓடிடும்டா'ம்பாங்க. அவர் போனதுலேருந்து பெரிய சிஸ்டர் யாரோடயும் பேசறதில்லை."

அவள் போனபின் பெரிய சிஸ்டர் வந்தாள். வயது ஐம்பதுக்கு மேல் இருக்கும். குரல் கணீரென்று வந்தது.

"எங்க வார்டுல தப்பு நடக்காது, ஏட்டையா. எது செஞ்சாலும் நிதானமாச் செய்வோம். தண்ணி விட்டுக் கலக்கி, நுரை அடங்கின பிறகுதான் பாட்டிலை மாட்டுவோம். அவசரத்துல காத்துக் குமிழி போயிடக் கூடாதில்லையா?"

"ரொம்பச் சரி" என்றார் ஏட்டையா. வேறு ஒன்றும் கேட்கவில்லை.

மாப்பிள்ளைக்கு ஆறவில்லை. "ஒரு கேள்விகூடக் கேக்காம விட்டுட்டீங்களே மாமா!"

"கேக்காமலே பதில் வந்துடுச்சு. நாலு பேரையும் டாக்டரம்மா ரூமுக்கு வரச் சொல்லு."

நர்ஸுகள் இருவரும் குளித்துவிட்டு ஈரத்தலையோடு வந்தார்கள். மருந்தறைக்காரர் சுவரோரம் சாய்ந்துகொண்டார். டாக்டரம்மா ஃபோன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். ஏட்டையா உட்காரவில்லை.

"மச்சானைக் காப்பாத்தணும்னு இவருக்கு ஆசை இருந்துது, அதை இவரே சொல்லிட்டாரு. ஆனா ஆசை இருந்தா மட்டும் போதுமா? எது மருந்துன்னு தெரியணும். அதனால மாத்தினது யாருன்னு நான் தேடலை. தெரிஞ்சது யாருக்குன்னு தேடினேன். கலந்துட்டா ரெண்டும் பச்சைத் தண்ணி மாதிரி இருக்கும்னு டாக்டரம்மா சொன்னாங்க. உறைக்குள்ள பார்க்கறதே இல்லைன்னு இந்தப் பொண்ணு சொல்லுச்சு." பெரிய சிஸ்டர் பக்கம் திரும்பினார். "நீ நுரை அடங்கட்டும்னு காத்திருப்பேன்னே. கறுப்பு உறை போட்ட பாட்டில்ல நுரை அடங்கினது உனக்கு எப்படிம்மா தெரிஞ்சுது?"

பெரிய சிஸ்டர் வாதாடவில்லை.

"ஒரு நாள் உறை நனைஞ்சு கிழிஞ்சுபோச்சு" என்றாள். "ஒரு பாட்டில்ல நுரை, இன்னொண்ணுல இல்லை. எது மருந்துன்னு அப்பவே புரிஞ்சுடுச்சு. புரிஞ்சும் நான் ஒண்ணும் செய்யலை. அவன் வந்து படுத்த அன்னிக்குத்தான் மாத்தினேன். அந்த ஒரு தடவைதான்."

"அவன் உனக்கு என்ன உறவு?"

"ஒரு உறவும் இல்லை. ஒரு நோயாளி கட்டில்லேருந்து விழுந்துட்டான். தூக்க ஆளில்லை. வாசல்ல நின்னவனை 'டேய், ஒரு கை பிடிடா'ன்னு நான்தான் கூப்பிட்டேன். கையுறை மட்டும் மாட்டிக்கிட்டு ஓடி வந்தான். அப்பத்தான் அவனுக்கு ஒட்டிச்சு."

மருந்தறைக்காரர் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தார்.

"அந்தத் தையற்கார அம்மா?" என்றாள் டாக்டரம்மா.

"அவங்க முகத்தைப் பார்க்காமத்தான் மாத்தினேன்."

டாக்டரம்மா கண்ணை மூடித் திறந்தாள். கோபத்துக்கு முன்னால் அவள் முகத்தில் நிம்மதிதான் வந்தது. "ரெண்டே ரெண்டு பேர். அந்த ரெண்டு பேரை மட்டும் கணக்குலேருந்து எடுத்துடலாம். மீதிச் சோதனை நிக்கும். ஏட்டையா, மருந்து பிழைச்சுது!"

"அடிச்சீங்க மாமா!" என்று மாப்பிள்ளை தொடையில் தட்டிக்கொண்டான்.

ஏட்டையா மட்டும் நகரவில்லை. இதோடு எழுந்து வீட்டுக்குப் போய்விடலாமா என்று ஒரு கணம் அவருக்குத் தோன்றியது. போயிருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருக்கலாம். ஆனால் பாதியில் நிறுத்திப் பழக்கமில்லாத மனிதர்.

"டாக்டரம்மா, நீங்க கலக்கினப்ப நுரை வந்துதா?"

"வரலை. வரக் கூடாது. நுரைச்சா மருந்து உடைஞ்சு..." பேச்சு பாதியில் நின்றது.

ஏட்டையா காலிப் பாட்டிலில் தண்ணீர் பிடித்துச் சின்ன சிஸ்டரிடம் கொடுத்தார். "கலக்கிக் காட்டும்மா."

அவள் பாட்டிலைத் தோளுக்கு மேல் தூக்கி, வளையல் குலுங்க, மேலும் கீழும் ஆட்டினாள். இருமல் மருந்தை எல்லாரும் ஆட்டுவார்களே, அப்படி. பெரிய சிஸ்டர் வாங்கி அதைவிட வேகமாக ஆட்டினாள்.

"இப்ப நீங்க."

டாக்டரம்மா பாட்டிலைத் தொடக்கூட யோசித்தாள். பிறகு மேசைமேல் நிற்க வைத்து, கழுத்தை இரண்டு விரலால் பிடித்து, மெல்ல வட்டமாகச் சுழற்றினாள். தண்ணீர் ஓரமாக வழுக்கிச் சுற்றி வந்தது. ஒரு குமிழி இல்லை.

"ஏன் குலுக்கினீங்க?" அவள் பாட்டிலை விட்டுவிட்டு நர்ஸுகளைப் பார்த்தாள். "குலுக்கச் சொல்லி யார் சொன்னா?"

"நீங்கதானே மேடம்" என்றாள் சின்ன சிஸ்டர் ஒன்றும் புரியாமல். "மைக்கில நின்னு, நல்லா கலக்குங்க, நல்லா கலக்குங்கன்னு ரெண்டு தடவை சொன்னீங்க."

ஒரே சொல்தான். சொன்னவள் கை ஒரு விதமாகக் கலக்கியது. கேட்டவர்கள் கை வேறு விதமாகக் கலக்கியது. சொன்ன நேரத்தில் அந்தக் கையில் மைக்தான் இருந்தது; பாட்டில்கள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தன. முதல் நாளிலிருந்து மருந்து போன ஒவ்வொரு உடம்புக்கும் உடைந்த மருந்தே போயிருக்கிறது. டிரைவருக்கும் அதுதான். அவனுக்காக மாற்றிய பாட்டிலை, மருந்து நன்றாகக் கலக்க வேண்டுமே என்று பெரிய சிஸ்டர் கூடுதல் நேரம் குலுக்கியிருந்தாள். அதையும் அவளே சொன்னாள்.

ஃபோன் அடித்தது.

மாப்பிள்ளை அவசரமாகக் குனிந்தான். "மேடம், ரெண்டு பேர் விஷயத்தை மட்டும் சொல்லுங்க. மத்தது இந்த ரூமோட போகட்டும்."

"அப்படிச் சொன்னா," என்றாள் டாக்டரம்மா, "மருந்து போட்டும் எல்லாரும் செத்தாங்க, இது உதவாத மருந்துன்னு முடிவு கட்டிடுவாங்க." அவள் ரிசீவரை எடுத்தாள். உறை மாறியதைச் சொன்னாள். குலுக்கியதைச் சொன்னாள். யார் சொல்லிக் குலுக்கினார்கள் என்பதையும் சொன்னாள். அதன்பின் வெகுநேரம் அந்தப் பக்கம்தான் பேசியது. இவள் "சரி, சரி" என்றாள்.

"மூடியாச்சு" என்றாள் வைத்துவிட்டு. "மறுபடி ஆரம்பிக்கறதா இல்லையான்னு அவங்களே சொல்ல மாட்டேங்கறாங்க. மிச்சம் இருக்கறதை சீல் வெச்சுத் திருப்பி அனுப்பணுமாம்."

"மிச்சம் ஒரே ஒரு பாட்டில்தான் மேடம்" என்றார் மருந்தறைக்காரர். "என் தங்கச்சிக்குன்னு நம்பர் போட்டது."

"யாருக்கும் குடுக்கக் கூடாதுன்னுட்டாங்க."

அவர் சாவிக் கொத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். டாக்டரம்மா அவரைப் பார்த்தாள்.

"எடுத்துட்டு வாங்க" என்றாள்.

அவளே மூடிக்கொண்டு உள்ளே போனாள். மற்றவர்கள் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றார்கள். கட்டிலில் கிடந்த பெண்ணின் உதட்டோரம் ரத்தம் காய்ந்திருந்தது. டாக்டரம்மா தண்ணீரை விட்டு, பாட்டிலின் கழுத்தைப் பிடித்து, வட்டமாக, அவசரமில்லாமல் சுழற்றினாள்.

"அது நிஜ மருந்துதானே, ஏட்டையா?" என்றார் மருந்தறைக்காரர்.

"தெரியாதப்பா. மருந்தாவும் இருக்கலாம், வெறும் பொடியாவும் இருக்கலாம்."

"தெரிஞ்சுக்க ஒரு வழிகூடவா இல்லை?"

பெரிய சிஸ்டர் ஏதோ சொல்ல வந்து உதட்டைக் கடித்துக்கொண்டாள். வழி அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும். குலுக்கினால் தெரிந்துவிடும். தெரிந்துவிட்டால் அது மருந்தாக இருக்காது.

மருந்தறைக்காரர் மறுபடியும் அதையே கேட்டார்.