மிதிக்காத பிரேக்

செவ்வாய், காலை 6.10

சாக்கடைக் கால்வாயில் மூக்கைக் குத்திக்கொண்டு நின்ற அந்த வெள்ளைக் காரை முதலில் பார்த்தவர் ஒரு குப்பை லாரிக்காரர். சரிவுச் சாலை இறங்கி வளைகிற இடத்தில், தடுப்புச் சுவரை இடித்துத் தள்ளிவிட்டுப் போயிருந்தது கார். ஊர்க் கழிவெல்லாம் வந்து சேரும் கால்வாய் அது. உடைந்த கண்ணாடி வழியே கறுப்புச் சேறு உள்ளே ஏறி, டிரைவரின் மடிவரை நிரம்பியிருந்தது. ஸ்டியரிங்கின்மேல் கவிழ்ந்து கிடந்தவரிடம் உயிர் இல்லை.

சாலையில் டயர் இழுபட்ட தடம் ஒரு விரற்கடைகூட இல்லை.

"பிரேக் பிடிக்கல. அதான்," என்றார் கூட்டத்தில் ஒருவர். நாலு பேர் கூடினால் அதில் ஒரு மேதாவி இருந்தே தீருவார். அவர் சொன்னதுதான் அன்று முழுக்க எல்லார் வாயிலும் ஓடியது.

ஒன்பது மணிக்குக் கிரேன் வந்து காரைத் தூக்கியது. போலீஸ் ஸ்டேஷன் முற்றத்தில் பழைய பைக்குகள் மலையாகக் குவிந்து கிடந்ததால் காரை நிறுத்த இடமில்லை. கார் ஓடிய டாக்ஸி கம்பெனியின் முதலாளியுடைய ஷெட்டிலேயே நிறுத்திக்கொள்ளச் சொல்லி, சப்-இன்ஸ்பெக்டரம்மா கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். சின்னக் கையெழுத்துதான்.

புதன், காலை 9.30

அரசாங்கக் காகிதத்தில் அவர் மோட்டார் வாகன ஆய்வாளர். ஊருக்கு அவர் பிரேக் இன்ஸ்பெக்டர். "ஊர் வண்டிக்கெல்லாம் பிரேக் பாக்கிறவருக்கு வாயில பிரேக் கிடையாது" என்பது அவர் மனைவியின் தீர்ப்பு.

அவர் ஸ்டேஷனுக்குள் நுழைந்தபோது ஒரு பெஞ்சில் அந்தக் காரைப் பழுதுபார்க்கும் மெக்கானிக் உட்கார்ந்திருந்தார். எதிர்ப் பெஞ்சில், அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, இறந்த டிரைவரின் மனைவி. மெக்கானிக்கின் கூடப்பிறந்த தங்கை.

சப்-இன்ஸ்பெக்டர் விஷயத்தைச் சொன்னார். "காலைல ஏழு மணிக்கு முதலாளி போன் பண்ணி வரச்சொன்னார் சார். என் கண் முன்னாடி முன்சக்கரம் ரெண்டையும் கழட்டினாங்க. பிரேக் பேட் தேஞ்சு வெறும் இரும்புத் தகடு நிக்குது. ஆறு வாரம் முன்னாடி புது பேட் போட்டதா இவர் கையெழுத்துல பில் இருக்கு. புதுசுக்குக் காசை வாங்கிட்டுப் பழசையே விட்டிருக்கார். சொந்தத் தங்கச்சி புருஷன் ஓட்டுற வண்டின்னுகூடப் பாக்கல, சார்."

பிரேக் இன்ஸ்பெக்டர் மெக்கானிக்கின் பக்கம் திரும்பினார்.

"போட்டியா, போடலையா?"

"போட்டேன் சார். பெட்டியப் பிரிச்சுப் புதுசா. டிஸ்க்கையும் அப்பவே கடைஞ்சு விட்டேன்."

"அதுக்கப்புறம் வண்டி எவ்வளவு ஓடியிருக்கும்?"

"எட்டாயிரம் கிலோமீட்டர். மாப்பிள்ளைக்குக் கால் ரொம்ப லேசு சார். ஒரு செட் பேட் நாப்பதாயிரம் தாங்கும். மத்தவங்க இருபத்தஞ்சுலயே கரைச்சிடுவாங்க."

"கழட்டின பழசு?"

"முதலாளி கையில குடுத்தேன். பழசக் கண்ணால பாக்காம அவர் பில்லுக்குப் பணம் தரமாட்டார். பல்பு மாத்தினாக்கூட ஃபியூஸ் போனதக் குடுக்கணும்."

"பொய்!" தங்கை திரும்பாமலே கத்தினாள். "அந்தப் பேட் விலையில பாதி எங்க வீட்டுக்காரர் சம்பளத்துல புடிச்சாங்க. என் புள்ள ஸ்கூல் ஷூ வாங்க வெச்சிருந்த காசு அது. அதையும் வாங்கிட்டு அவரையும் கொன்னுட்டியே. எனக்கு அண்ணனே இல்ல, போ."



"பாதி எதுக்கும்மா உங்க வீட்டுக்காரர் தரணும்?" என்றார் பிரேக் இன்ஸ்பெக்டர்.

"தேய்க்கிறது உன் கால்தானே, நீ பாதி குடுன்னு முதலாளி சொல்வாராம். அங்க எல்லா டிரைவருக்கும் அப்படித்தான்."

"கடைசியா எப்ப வீட்டுக்கு வந்தாரு?"

"ஞாயித்துக்கிழமை காலைல போனவரு. வரவே இல்ல. திங்க சாயங்காலம் போன் பண்ணாரு. கண்ணு எரியுது, இன்னும் ஒரே ஒரு டிரிப்பு, முடிச்சிட்டு வந்துடுறேன்னாரு."

சப்-இன்ஸ்பெக்டர் நிமிர்ந்தார். "திங்கக்கிழமை அவருக்கு ஓய்வுன்னு முதலாளி குடுத்த டிரிப் ஷீட்ல இருக்கே?"

"எங்கிட்ட யாரும் கேக்கலையே," என்றாள் அவள்.

காலை 10.45

ஷெட்டுக்கு இருபதடி முன்பே நாற்றம் வந்து எதிர்கொண்டது. காய்ந்த சாக்கடையும் காயாத ரத்தமும் கலந்த நாற்றம். டிரைவர் சீட்டில் சேறு பாளம் பாளமாக வெடித்திருக்க, அதன்மேல் ஈ மொய்த்தது. முதலாளி கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலிலேயே நின்றுவிட்டார்.

பிரேக் இன்ஸ்பெக்டர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்தார். சக்கரம் கழற்றிய இடத்தில் எல்லாம் ஒரே கறுப்புச் சேறு. நடுவில், சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கிற பேட்கள் மட்டும் உலர்ந்து, துருப்பிடித்து, இரும்பு தெரியத் தேய்ந்திருந்தன. டிஸ்க்கில் ஒட்டியிருந்த சேற்றைத் துடைத்து விரலால் தடவினார். கீறல் இல்லை. எவர்சில்வர் தட்டுப்போல் வழவழவென்று இருந்தது. ஒரு தள்ளு தள்ளினார். அது பாட்டுக்குச் சுற்றியது. பையிலிருந்து ஒரு தீப்பெட்டியை எடுத்து, உள்தட்டைப் பேடுக்கும் டிஸ்க்குக்கும் நடுவே செருகினார். தடையில்லாமல் போயிற்று.

எழுந்து பானெட்டைத் திறக்கச் சொன்னார். பிரேக் ஆயில் டப்பாவில் மேல்கோட்டுக்குச் சற்றுக் கீழே வரை ஆயில் நின்றது. ஒவ்வொன்றையும் படம் எடுக்கச் சொன்னார்.

"பெடலை யாராவது மிதிச்சுப் பாத்தீங்களாம்மா?"

"அந்தச் சீட்ல யார் சார் உக்காருவா?" என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

காலை 11.20

முதலாளியின் அறையில் ரோஜா வாசனை ஸ்பிரே தொண்டையைக் கரகரக்க வைத்தது. மேஜையில் மல்லிகை ஸ்பிரே ஒன்றும் பாதி காலியாகி நின்றது. இரண்டும் சேர்ந்தும் ஏதோ ஒரு முடைநாற்றத்தை முழுதாக அமுக்க முடியவில்லை. சுவரில் ஒரு பலகை: எந்த டிரைவர், ஒரு செட் பிரேக் பேடில் எத்தனை கிலோமீட்டர். இறந்தவர்தான் முதலிடம், நாற்பத்து மூவாயிரம். அந்த வரியில் முதலாளி ஏற்கெனவே ஒரு கோடு கிழித்திருந்தார்.

பக்கத்தில் அலமாரி. தேய்ந்த வைப்பர், கரிந்த பிளக், உடைந்த விளக்கு, ஒவ்வொன்றும் வண்டி எண்ணும் தேதியும் எழுதிய அட்டைப்பெட்டியில். எச்சில் கையால் காக்கை ஓட்டாதவர்களைப் பார்த்திருக்கிறோம்; இவர் அந்த எச்சிலுக்கும் தேதி போட்டு வைப்பவர்.

"தூக்கிப் போட மனசு வராது போல?"

"நானும் ஸ்பேனர் புடிச்சு மேல வந்தவன் சார். பொருளோட அருமை தெரியும்."

"டிரைவருங்ககிட்ட பாதிக் காசு வாங்குறீங்களாமே?"

"பின்ன? ஒரு செட் என்ன விலை விக்குது! என் கையக் கடிச்சாத்தான் என் கால் பயப்படும். அவன் கையக் கடிச்சா அவன் கால் பயப்படும். அவ்வளவுதான்."

"இந்த வண்டியோட பழைய பேட் எங்க?"

"அந்தத் திருட்டுப்பய தரவே இல்லையே."

"பழசப் பாக்காம காசு குடுக்க மாட்டீங்களே?"

"சல்லிக்காசு குடுக்க மாட்டேன்."

"பில்லுல 'பணம் கொடுத்தாச்சு'ன்னு உங்க முத்திரை இருக்கு."

முதலாளி ஸ்பிரேயை எடுத்து ஒருமுறை அடித்தார். "டிரைவரோட சொந்தக்காரப் பையன்னு நம்பி விட்டிருப்பேன்," என்றார்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்கள்கூடக் கொஞ்சம் பெரிய தட்டாக எடுப்பார்கள்.

பகல் 12.05

மெக்கானிக்கையும் தங்கையையும் ஷெட்டுக்கு வரவழைத்தாயிற்று. பிரேக் இன்ஸ்பெக்டர் காரின் கதவைத் திறந்துவிட்டு, முதலாளியைப் பார்த்தார்.

"ஏறி உக்காந்து பெடலை மிதிங்க."

"இதுக்குள்ளயா? சீ!" முதலாளி இரண்டடி பின்வாங்கினார்.

"நேத்தும் இதேதான் சொல்லியிருப்பீங்க."

யாரும் எதிர்பாராமல் தங்கை முன்னால் வந்தாள். "நான் உக்கார்றேன். எங்க வீட்டுக்காரர் உக்காந்த இடம்தானே." செருப்பைக் கழற்றிவிட்டு, அந்தச் சேற்றின்மேல், ஈக்களின் நடுவே உட்கார்ந்தாள். பாளம் உடைந்து, அடியில் காயாமல் கிடந்த ரத்தமும் சாக்கடையும் சேலையில் ஊறின. அவள் மூக்கைப் பொத்தவில்லை.

"மிதிம்மா."

பெடல் சத்தமில்லாமல் அடிவரை போயிற்று.

"பாத்தீங்களா, பிரேக் இல்ல!" என்றார் முதலாளி.

"இன்னும் மிதி. விடாம மிதி."

இரண்டு, மூன்று, நான்கு. ஏழாவது மிதியில் பெடல் கல்லாக நின்றது. "இறங்கல சார்," என்றாள். பிரேக் இன்ஸ்பெக்டர் டிஸ்க்கைத் தள்ளினார். அசையவில்லை. தேய்ந்த பேட்கள் அதை இறுக்கிப் பிடித்திருந்தன. டப்பாவில் ஆயில் கீழ்க்கோட்டுக்கு இறங்கியிருந்தது.

"இப்பக் கேளுங்கம்மா," என்று சப்-இன்ஸ்பெக்டரிடம் திரும்பினார். "பேட் தேயத் தேய, அதத் தள்ளுற பிஸ்டன் கொஞ்சம் கொஞ்சமா வெளிய வந்துக்கிட்டே இருக்கும். அந்த இடத்த ஆயில் நிரப்பும், டப்பாவுல குறையும். இந்தப் பேட்டோட வண்டி ஒரு தெரு ஓடியிருந்தாலும் பிஸ்டன் வெளிய வந்து நின்னிருக்கணும். ஆனா என் தீப்பெட்டி உள்ள போச்சு. ஆயில் நிறைய இருந்துச்சு. அப்போ விபத்து நடந்தப்ப உள்ள இருந்தது தடிமனான பேட். புது பேட். வெறும் இரும்பு உரசியிருந்தா டிஸ்க் உழுத வயலா ஆயிருக்கும். அது வழவழன்னு இருக்கு. சுத்திச் சேறு, பேட் மட்டும் சுத்தம். சாக்கடையில விழுந்தப்புறம், அலமாரிப் பெட்டியில இருந்த பழசப் போட்டு, இந்த ஷெட்ல வெச்சு மாத்தியிருக்காங்க."

"அப்போ தடம் ஏன் இல்ல சார்?"

"பிரேக் பிடிக்கலன்னாலும் தடம் இருக்காது. மிதிக்கலன்னாலும் இருக்காது. ஞாயித்துக்கிழமை காலையிலேர்ந்து வீட்டுக்கு விடாம ஓட்ட வெச்சதுல, மிதிக்க வேண்டியவன் தூங்கிட்டான். அது தெரிஞ்சா இவரோட லைசென்ஸ் போயிடும். அதான் டிரிப் ஷீட்ல ஓய்வு, மச்சான் தலையில கொலை."

மெக்கானிக் மெல்ல, தனக்குத்தானே சொல்வதுபோல் சொன்னார்: "பேட் மாத்தினா பெடலை மிதிச்சு விடணும் சார். தொழிலுக்கு வந்த முதல் நாள் கத்துக்குடுக்கிறது."

"ஸ்பேனர் புடிச்சு மேல வந்த உங்க முதலாளிக்கும் தெரியும்ப்பா. ஆனா அதுக்கு உள்ள உக்காரணும். அவன் ரத்தத்துல உக்கார இவருக்கு அருவருப்பு."

சப்-இன்ஸ்பெக்டர் அதற்குள் அறைக்கு ஓடி, அலமாரியில் அந்த வண்டி எண்ணும், ஆறு வாரம் முந்தைய தேதியும் எழுதிய பெட்டியைத் தூக்கி வந்திருந்தார். மூடியைத் திறந்ததும், பெட்டியில் ஏறியிருந்த ரோஜாவையும் மல்லிகையையும் கிழித்துக்கொண்டு அந்த நாற்றம் எழுந்தது. உள்ளே நான்கு பேட்கள். தடிமனானவை. மேலே கறுப்புச் சேறு காய்ந்திருந்தது.

"ஏன்யா இத வெச்சிருந்தே?" மரியாதை அவர் வாயிலிருந்து தானாகக் கழன்றுவிட்டது.

முதலாளி கைக்குட்டைக்குள் முனகினார். "இன்னும் முப்பதாயிரம் ஓடும்மா அது. கழுவி வேற வண்டிக்குப் போடலாம்னு..."

சப்-இன்ஸ்பெக்டர் வெளியே போய்க் காறித் துப்பிவிட்டு வந்தார். பிறகுதான் முதலாளியின் கையைப் பிடித்தார். காரை இங்கே நிறுத்தச் சொல்லித் தான் நேற்றுப் போட்ட சின்னக் கையெழுத்து அவருக்கு இப்போதுதான் நினைவுக்கு வந்தது.

தங்கை இன்னும் பெடலில் இருந்து காலை எடுக்கவில்லை. மெக்கானிக் கதவருகே போய், கூப்பிடத் தைரியமில்லாமல் நின்றார். அவள் சேறு படிந்த தன் கையைப் பார்த்தாள். அதைச் சேலையில் துடைக்கப் போனாள். சேலையும் சேறாகவே இருந்தது. அப்படியே நீட்டினாள்.

"கையக் குடுண்ணே. எந்திரிக்க முடியல."