நாற்பத்தாறாவது குரல்

விடிகாலையில் அருவி பார்க்க வந்த ஒருவரின் அலறல் அருவிச் சத்தத்தையும் மீறிக் கேட்டது!

துன்ஹிந்த அருவிக்குக் கீழே, பாறை இடுக்கில் ஒரு பெண். முகம் தண்ணீருக்குள். சிவப்புச் சேலை மட்டும் ஆற்றோடு போகப் பார்த்துக்கொண்டிருந்தது.

பாக்கியலெட்சுமி. வயது முப்பத்திரண்டு. அப்புத்தளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவள்.

முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை, வாடகைக்கு இரண்டு பஸ் பிடித்து அருவி பார்க்க வந்த நாற்பத்தாறு பேரில் ஒருத்தி!

பத்து மணிக்கெல்லாம் பொலிஸ் ஜீப் தோட்டத்துப் பெரட்டுக்களத்தில் வந்து நின்றது. தினமும் விடிந்ததும் பேர் கூப்பிட்டு, வேலைக்கு ஆள் பிரிக்கும் இடம். இன்றைக்கு ஒருவரும் மலைக்குப் போகவில்லை.

கூட்டத்தில் யசோதினியும் நின்றாள். செத்தவள் அவளுடைய உயிர்ச் சிநேகிதி. பதினைந்து வருடம் பக்கத்துப் பக்கத்து நிரையில் பறித்தவர்கள்.

இன்ஸ்பெக்டர் ஸப்ரான் கறாரான ஆள்.

"பஸ் பொறப்பட முந்தி பேர் கூப்பிட்டது யாரு?"

"நாந்தாங்க." கங்காணி இராசையா முன்னால் வந்தார். கழுத்தில் கம்பளி மப்ளர். கையில் பேர் எழுதிய கொப்பி. "பெரட்டுல கூப்பிடுற மாதிரியே நாலரைக்கு கூப்பிட்டேன். நாப்பத்தாறு பேரும் குரல் குடுத்தாங்க. பாக்கியமும்தான்! பொறகுதான் ரெண்டு பஸ்ஸுலயும் ஏறுனோம்."

"அப்ப அவ உயிரோட தோட்டத்துக்குத் திரும்பியிருக்கா." ஸப்ரான் திரும்பினார். "துஷாந்த்! உன் பொண்டாட்டி வீட்டுக்கே வரலைங்கிற?"

"சத்தியமா வரலைங்க ஐயா!"

"த்ரீவீல் ஓட்டுறவன்தானே நீ? ராத்திரியே ஏத்திட்டுப் போய் அருவியில தள்ளிட்டு, இப்ப கண்ணைக் கசக்குற! ஏத்துங்க இவனை!"

விலங்கு 'க்ளிக்' என்றது.

யசோதினி இருதலைக்கொள்ளி எறும்பாகத் தவித்தாள். சொன்னால் அந்த விலங்கு தன் கைக்கு மாறலாம். சொல்லாவிட்டால்... ஒரு பாவமும் அறியாதவன் ஜெயிலுக்குப் போவான்!

"ஐயா... நில்லுங்க! அந்தக் குரல் பாக்கியத்தோடது இல்ல. நாந்தான் குடுத்தேன்!"

ஸப்ரான் அவள் பக்கம் திரும்பினார்.

"என்ன சொல்ற?"

"பெரட்டுக்கு யாராச்சும் பிந்துனா, கூட்டாளி குரல் குடுக்கிறது எங்க வழக்கமுங்க. அவ பின்னால வந்துக்கிட்டு இருக்கான்னு நெனச்சேன். மழை... எல்லாரும் ஓடி ஏறுனோம். அவ மத்த பஸ்ஸுல இருக்கான்னு நாங்க நெனச்சோம். எங்க பஸ்ஸுல இருக்கான்னு அவங்க நெனச்சாங்க! பாவி... நானே அவள அங்க விட்டுட்டு வந்துட்டேன்!"

அழுகை பீறிட்டது.

"அடிப்பாவி!" கங்காணி தலையில் அடித்துக்கொண்டார். "என்ன காரியம் செஞ்ச! தனியா நின்னு, வழுக்கியில்ல விழுந்திருக்கா!"

யசோதினியின் அழுகை சட்டென்று நின்றது. நிமிர்ந்து பார்த்தாள்.

"கங்காணி... போன பொதங்கெழம பெரட்டுலயும் நான் அவளுக்குக் குரல் குடுத்தேன். ஞாபகம் இருக்கா?"

"இருக்கு. அதுக்கென்ன?"

"அன்னைக்கும் கொட்டுற மழை. அப்பவும் அது என் குரல்னு பிடிச்சீங்க. ரெண்டு பேரையும் வேலை குடுக்காம லயத்து வீட்டுக்குத் திருப்பி அனுப்புனீங்க. இருவத்திரெண்டு வருசமா உங்க காத யாரும் ஏமாத்துனதில்ல. நேத்து மட்டும் ஏன் விட்டீங்க?"

திருடனுக்குத் தேள் கொட்டியது. இராசையா மப்ளரை இழுத்துக் கழுத்தோடு இறுக்கிக்கொண்டார்.

"நானே சொல்றேன்! அருவிப் பாதையில கடைசியா வந்தது நீங்க. இனி அவ வரவே மாட்டான்னு உங்களுக்குத் தெரியும்! செத்தவ பேருக்குக் குரல் வந்ததும், சாமி வரம் குடுத்துச்சுன்னு கொப்பியில சரி போட்டுட்டீங்க!"

"பைத்தியமா ஒனக்கு? நான் எதுக்கு அவள..."

"அவ பின்னால நீங்க அலைஞ்சத என்கிட்டச் சொல்லி அழுதிருக்கா. திங்கக்கெழம தோட்டத்துத் தொரைகிட்டச் சொல்லப் போறேன்னா. இன்னைக்குத்தான் திங்கக்கெழம!"

ஸப்ரான் நெருங்கினார்.

"மப்ளரைக் கழட்டுங்க."

"கு... குளிருங்க..."

கான்ஸ்டபிள் இழுத்தார்.

காதுக்குக் கீழே நான்கு நகக்கீறல்கள்! பதினைந்து வருடம் கொழுந்து கிள்ளிய விரல்கள், கடைசியாகக் கிள்ளியது அந்தக் கழுத்தை.

இராசையா மண்டியிட்டார். "கொல்லணும்னு நெனக்கலைங்க... கையப் பிடிச்சேன்... சத்தம் போட்டா... தள்ளிட்டேன்..."

துஷாந்தின் விலங்கு கங்காணியின் கைக்கு மாறியது. விடுபட்டவன் அப்படியே தரையில் உட்கார்ந்து, "பாக்கியம்... பாக்கியம்..." என்று கதறினான்.

ஜீப் உறுமியது. யசோதினி கண்ணைத் துடைத்துக்கொண்டு அதன் அருகே போனாள்.

"ஜெயில்லயும் விடிஞ்சா பேர் கூப்பிடுவாங்களாம், கங்காணி. பிந்தாம போயிருங்க... உங்களுக்காகக் குரல் குடுக்க அங்க கூட்டாளி யாரும் இல்ல!"