கிட்டுசாமி படம் எடுத்த கடை

சனிக்கிழமை காலை சேனாபதி தோசைக்கல்லில் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தபோது அழைப்பு மணி அடித்தது. கலிஃபோர்னியாவின் சான்டா கிளாராவில் சொல்லாமல் கொள்ளாமல் யாரும் யார் வீட்டுக்கும் போவதில்லை. ஒரு வாய் காபிக்கே முன்கூட்டிக் காலண்டரில் இடம் பிடிக்க வேண்டிய ஊர் அது.

"யாரோ கஷ்டத்துல இருக்காங்க. அடுப்பை அணைச்சிட்டு வாங்க" என்றாள் ப்ரியம்வதா.

ப்ரியம்வதா ஓர் இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கோரிக்கைகளைப் பிடிக்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவள். நசுங்கிய காரின் போட்டோ ஒன்றைக் காட்டினால் போதும், நசுக்கியது மரமா மச்சானா என்று சொல்லிவிடுவாள். அதனால் விரிகுடாப் பகுதித் தமிழர்களுக்கு வளையல் தொலைந்தாலும் அவள்தான், வாடகைக்கு வந்தவன் ஓடிப்போனாலும் அவள்தான். கணவர் சேனாபதி கூடவே அலைவார். தடயம் என்று எதைக் கண்டாலும் துள்ளுவார், பாவம், பெரும்பாலும் தப்பான தடயத்தைப் பார்த்து.

வாசலில் நின்றவன் ரஞ்சித்குமார். தமிழ்ச் சங்கப் பொங்கல் விழாவில் மனைவி ஓவியாவோடு பழக்கமானவன், கோயம்புத்தூர்ப் பக்கம். கண் சிவந்திருந்தது, கையில் ஒரு எவர்சில்வர் டப்பா.

"சாரிங்க ஆன்ட்டி, போன் பண்ணாம வந்துட்டேன். ஓவியாதான் நேராப் போங்கன்னு பிடிச்சுத் தள்ளிவிட்டா. வெறுங்கையோட போகாதீங்கன்னு இதையும் குடுத்தா. அரிசிம்பருப்பு சாதம்."

"உள்ள வாப்பா. என்ன ஆச்சு?"

"அப்பாவைக் காணோங்க ஆன்ட்டி."

அவன் தட்டுத் தடுமாறிச் சொன்னது இதுதான். அப்பா கிட்டுசாமி டெக்சாஸில், இர்விங்கில், தனியாக இருக்கிறார். அம்மா இறந்து இரண்டு வருஷமாகிறது. காரியம் முடிந்த அன்று அப்பாவின் அலமாரியில் வரிசையாக நின்ற விஸ்கி பாட்டில்களைப் பார்த்து ரஞ்சித்துக்குக் கோபம் வந்துவிட்டது. "இதைத் தேடி அலைஞ்ச நேரத்துல பாதியை அம்மாவுக்குக் குடுத்திருக்கலாம்" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டான். "இனி உன் வாசப்படி மிதிச்சா என்னன்னு கேளு" என்று அவரும் சொல்லிவிட்டார். அதோடு பேச்சு நின்றது.

"நேத்து அப்பாவுக்கு எதிர் அபார்ட்மென்ட் சுவாமிநாதன் அங்கிள் கூப்பிட்டாருங்க. ரெண்டு மாசமா அப்பா வீடு பூட்டியே கிடக்குதாம், காரையும் காணோமாம். பதறிப்போய் அப்பாவுக்கு அடிச்சேன். எடுத்தாரு. 'நான் வீட்லதான் இருக்கேன், எனக்கென்ன'ன்னு சொல்லி வெச்சிட்டாரு. ஏன் ஆன்ட்டி பொய் சொல்லணும்? எங்கியாச்சும் ஆஸ்பத்திரியில கிடக்கறாரா? குடிச்சுக் குடிச்சு எங்க இருக்கோம்னே தெரியாம ஆயிட்டாரா? அடுத்த ஞாயிறு ஓவியாவுக்கு வளைகாப்புங்க. நான் பேசின பேச்சாலயே எங்கப்பாவுக்கு ஏதாச்சும் ஆயிருந்தா..."

முடிக்க முடியவில்லை. சேனாபதியின் கண் விரிந்தது.

"இர்விங் கிட்டுசாமி சாரா உங்கப்பா? அவருக்கு ஒண்ணும் ஆகலப்பா! நம்ம குரூப்ல இருக்காரே!"

குரூப் என்றால் 'மலிவு மால்ட்' வாட்ஸாப் குரூப். சேனாபதி அதன் நிறுவனர், தலைவர், ஓயாத பேச்சாளர். சிங்கிள் மால்ட் விஸ்கி பணக்காரன் வீட்டுச் சொத்தில்லை, மளிகை வாங்கப் போகிற இடத்திலேயே நியாயமான விலைக்கு நல்லது கிடைக்கும், தேடத்தான் தெரிய வேண்டும் என்பது அவர் கட்சி. கண் மட்டத்துத் தட்டில் நிற்பது கம்பெனிக்காரன் விற்க ஆசைப்படுவது, குனிந்து முழங்கால் மட்டத்தைப் பார். தங்கத்தாள் ஒட்டிய பெட்டியில் வந்தால் தாளுக்கும் சேர்த்துத்தான் அழ வேண்டும். கடையின் சொந்த லேபிள் என்று இளப்பமாக ஒதுக்காதே, பேர் சொல்லிக்கொள்ளாத நல்ல இடத்துச் சரக்கு உள்ளே இருக்கலாம். எத்தனை வருஷம் பீப்பாயில் இருந்தது என்று போட்டிருக்கிறானா பார். மெம்பர் கார்டு இல்லாமல் கடைக்குள் காலை வைக்காதே. சனிக்கிழமைதோறும் உறுப்பினர்கள் கண்டெடுத்ததைப் படம் பிடித்துப் போடுவார்கள். டெக்சாஸ்காரர்கள் மட்டும் "உங்களுக்கென்னப்பா, கலிஃபோர்னியா" என்று பொருமுவார்கள்.

"போன சனிக்கிழமை போட்டாரு பாருங்க" என்று சேனாபதி போனை நீட்டினார். "பன்னெண்டு வருஷ மால்ட், சொந்த லேபிள், மஞ்சள் சீட்டுத் தள்ளுபடி! அந்த விலையைப் பார்த்து எனக்கு ராத்திரியெல்லாம் தூக்கமே வரலை. மனுஷனுக்குக் கழுகுக் கண்ணு. இவரா குடிச்சு மயங்கிக் கிடக்கறாரு?"

ப்ரியம்வதா போனை வாங்கிப் படத்தைப் பெரிதாக்கினாள். அடித்தட்டில் ஒரு பாட்டில். அதன் கீழே மஞ்சள் விலைச்சீட்டு, ஓரத்தில் பொடியாக மூன்று ஆங்கில எழுத்துகள்: சி.ஆர்.வி. படத்தின் மூலையில் தள்ளுவண்டியின் ஒரு பக்கம். அதில் பால் கேன், கொத்தமல்லிக் கட்டு, இரண்டு மாதுளம்பழம். பிறகு விரலால் தள்ளித் தள்ளி அவருடைய பழைய படங்களையும் பார்த்தாள். அவசரமே இல்லை. சேனாபதி பொறுமையில்லாமல் காலை ஆட்டினார்.

"ரஞ்சித், அப்பா காணோம்னதும் ஓவியா என்ன சொன்னா?"

"ஒண்ணும் ஆயிருக்காது, பயப்படாதீங்கன்னா ஆன்ட்டி. ராத்திரி நல்லாத் தூங்கிட்டா. நான்தான் விடிய விடிய உக்காந்திருந்தேன்."

"அவளுக்கு இப்ப சாப்பாடெல்லாம் ஒத்துக்குதா?"

"ஏழாம் மாசம் ஆகியும் மசக்கை விடலைங்க. தாளிக்கிற வாசம் வந்தாலே குமட்டுது, ஓடிருவா. நான் முட்டை பொரிக்கறதையே நிறுத்திட்டேன்."

"அவ சொந்த ஊரு?"

"தாம்பரம். ஆனா பாருங்க, எங்க ஊர்ச் சமையலெல்லாம் அப்படியே கத்துக்கிட்டா. ஆபீஸ் விட்டு வந்தா டேபிள்ல ரெடியா இருக்கும். கொள்ளு ரசம், சந்தகை, இந்த சாதம்... எங்கம்மா கைப்பக்குவமேதாங்க."

ப்ரியம்வதா டப்பாவைத் திறந்து ஒரு கரண்டி எடுத்து வாயில் போட்டாள். சின்ன வெங்காயமும் பூண்டும் நன்றாக வதங்கி, தேங்காய் எண்ணெய் மணந்தது. மெதுவாகத் தலையாட்டிவிட்டு ஓவியாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள்.

"ஓவியா, சாதம் அமிர்தம்மா. சமைச்சவர்கிட்ட சொல்லிடு."

அந்தப் பக்கம் ஒரு விசும்பல், அதன் மேலேயே ஒரு சிரிப்பு. "கண்டுபிடிச்சிட்டீங்களா ஆன்ட்டி? அப்பாடா! வாயைத் திறக்க மாட்டேன்னு மாமாகிட்ட ப்ராமிஸ் பண்ணிட்டேன். நீங்களா கண்டுபிடிச்சா அது என் தப்பில்லை, இல்ல?"

"உன் தப்பே இல்ல. டப்பாதான் குடுத்து அனுப்பின, வேற ஒண்ணும் சொல்லலையே. எங்க இருக்கார்னு நான் கேக்கவும் மாட்டேன்" என்று போனை வைத்தாள்.

ரஞ்சித் வாய் பிளந்து நின்றான். சேனாபதிக்கும் தலைகால் புரியவில்லை என்பதை அவரே பிற்பாடு ஒப்புக்கொள்ள மாட்டார்.

"உங்கப்பா டெக்சாஸ்ல இல்லப்பா" என்றாள் ப்ரியம்வதா. "இந்தப் படத்துல வண்டியைப் பாரு. பாலும் கொத்தமல்லியும். ஆக இது சூப்பர்மார்க்கெட். டெக்சாஸ்ல சூப்பர்மார்க்கெட்காரன் பீரும் வைனும் விக்கலாம், விஸ்கி விக்கக் கூடாது. அதுக்குன்னு தனிக்கடை, அங்க கொத்தமல்லி கிடைக்காது. அப்புறம் இந்த சி.ஆர்.வி. காலி பாட்டிலைத் திருப்பிக் குடுத்தா வர்ற காசு, கலிஃபோர்னியாக் கணக்கு. நம்ம தலைவர் விலையைப் பார்த்தாரே ஒழிய, எந்த ஊர் விலைன்னு பார்க்கலை."

"விலை அப்படிம்மா!" என்றார் சேனாபதி, முகம் சிவந்து.

"அவரும் அதேதான். ஒளிஞ்சிருக்கற மனுஷன் படம் போடலாமா? ஆனா அந்த விலையில ஒரு மால்ட்டைப் பார்த்துட்டு நாலு பேருக்குச் சொல்லாம இருக்க உங்க ஆளுங்களால முடியாது. சரி, கலிஃபோர்னியாவுல எங்க? வாசமே தாங்காத பொண்ணு எப்படிப்பா வெங்காயம் வதக்குவா? மாமனாரைக் காணோம்னா எப்படி நிம்மதியாத் தூங்குவா? அவர் இருக்கற இடம் அவளுக்குத் தெரியும், அதனாலதான். ரெண்டு மாசமா உங்கப்பா பக்கத்துலயே எங்கியோ தங்கி, சமைச்சு, நீ ஆபீஸ் போனப்புறம் வாசல்ல குடுத்துட்டுப் போறார். தினமும் நீ சாப்பிட்டது உங்கப்பா கைச் சோறுடா கண்ணா."

ரஞ்சித் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தான். "நான் ஓவியாவைத்தாங்க பாராட்டினேன்" என்றான் சின்னக் குரலில். பிறகு பயந்துகொண்டே கேட்டான்: "இன்னும் குடிக்கறாருங்களா?"

"அம்மா இருந்தப்போ போட்ட படமெல்லாம் வீட்டு மேஜையில, பக்கத்துல கிளாஸ். அம்மா போனப்புறம் போட்டது ஒண்ணு விடாமக் கடைத்தட்டுல. தேடறார், கண்டுபிடிக்கறார், வாங்கறதில்லை. ஏன்னு எனக்குத் தெரியலை. அதை நீதான் கேக்கணும்."

"எந்தக் கடைன்னு எப்படிம்மா தெரியும்?" என்று பெருமூச்சு விட்ட சேனாபதி, தற்செயலாகப் படத்தை மறுபடி பார்த்தார். பார்த்தவர் குதித்தே விட்டார். "அடடே, மேல்தட்டுக்கெல்லாம் கண்ணாடிக் கதவும் பூட்டும், அடித்தட்டு மட்டும் திறந்து கிடக்கு! முன்விளிம்பு உடைஞ்சு பச்சை டேப் சுத்தியிருக்கு! இந்தத் தட்டுக்கு முன்னால நான் மண்டி போட்டிருக்கேன்மா, ரயில்வே ஸ்டேஷனுக்குப் பக்கத்துக் கடை!"

"பார்த்தீங்களா, இதுக்குத்தான் உங்களைக் கூட வெச்சிருக்கேன்" என்றாள் ப்ரியம்வதா. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் சேனாபதி இவ்வளவு சந்தோஷப்பட்டது குறைவு.

மூன்று பேரும் அந்தக் கடைக்குப் போனார்கள். சனிக்கிழமையானால் அவர் வராமல் இருக்க மாட்டார் என்பதில் சேனாபதிக்குச் சந்தேகமே இல்லை, அந்த நோயின் லட்சணம் அவருக்குத் தெரியும். அதே போல விஸ்கி வரிசையின் கடைசியில், முட்டியைப் பிடித்துக்கொண்டு, மெலிந்த ஒரு மனிதர் குனிந்து அடித்தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பா" என்றான் ரஞ்சித்.

கிட்டுசாமி நிமிர்ந்தார். திருட்டு முழி முழித்தார், பிள்ளையிடம் பிடிபட்ட அப்பா வேறெப்படி முழிப்பார்? "நான் வாங்க வர்லீடா. சும்மா பாத்துட்டிருந்தேன். ஓவியா அம்மணி சொல்லிப்போட்டாளா?"

"அவ சொல்லலீங்கப்பா. ஏனுங்கப்பா வீட்டுக்கு வரலை?"

"வாசப்படி மிதிக்க மாட்டேன்னு நாலு பேர் முன்னால சொன்னவன்ல. மிதிக்கலையே, வெளிய நின்னுதான் குடுத்தேன்." சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "நீ சொன்ன மாதிரி இல்லடா ரஞ்சித்து. சனிக்கிழமையானா கடை கடையாக் கூட்டிட்டுப் போனது உங்கம்மாதான். அவளுக்கு மலிவாப் பிடிக்கறதுல அப்படியொரு குஷி. கண்டுபிடிக்கறது அவ, குடிக்கறது மட்டும்தான் நானு. அவ போனப்புறம் ஒரு சொட்டுத் தொடலை. தேடறதை மட்டும் விட முடியலை. நல்லதாக் கண்ணுல பட்டா, அவளே பக்கத்துல நின்னு காட்ன மாதிரி இருக்குது."

அடுத்த வரிசையில் பாஸ்தா பாக்கெட்டைப் படிப்பதுபோல நின்றிருந்த சேனாபதி கண்ணைத் துடைத்துக்கொண்டார். ப்ரியம்வதா அவர் சட்டைக்கையைப் பிடித்து இன்னும் கொஞ்சம் தள்ளி இழுத்துப் போனாள். அப்படியும் காதில் விழத்தான் செய்தது.

"அது எனக்குத் தெரியாதுங்கப்பா" என்றான் ரஞ்சித். "தெரியாம, சொல்லக் கூடாததைச் சொல்லிட்டேன். அம்மா இருந்திருந்தா என்னைச் செருப்பாலயே அடிச்சிருப்பாங்க."

"அடிச்சிருக்க மாட்டா. உனக்குப் பரிஞ்சுக்கிட்டு என்னைத்தான் திட்டியிருப்பா."

ரஞ்சித் கையை நீட்டினான்.

"தங்கியிருக்கற ரூம் சாவியைக் குடுங்கப்பா" என்றான் ரஞ்சித். "நான் போய்ப் பெட்டியை எடுத்துட்டு வீட்டுக்கு வந்தர்றேன்."

கிட்டுசாமி மகன் நீட்டிய கையைப் பார்த்தார். பையில் கை விட்டுத் துழாவி, சாவியை எடுத்தார். கொடுக்காமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அது பெரிய பெட்டிடா" என்றார் கடைசியில். "ஒருத்தனால தூக்க முடியாது. இரு, நானும் வர்றேன்."